புதிதாகக் கனடா வந்தவர்களும் மருத்துவமும்: ஒன்ராறியோவில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்காபரோவில் தமிழ் பேசும் நோயாளிகளுக்காக மொழிபெயர்க்கப் போய் வருகிறேன். கிளினிக் வாசலிலும் கோயில் மண்டபத்திலும் பஸ் தரிப்பிடத்திலும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதில் தெரியாததால் வருத்தத்தை முற்றவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைத் தொகுத்தேன். நான் வைத்தியர் அல்ல. மருந்து விஷயத்தில் கடைசிச் சொல் உங்கள் வைத்தியருடையது. இங்கே சொல்லியிருப்பவை ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை. மற்ற மாகாணங்களில் விதிகள் வேறு.

போன கிழமைதான் வந்து இறங்கினோம். ஹெல்த் கார்ட் கிடைக்க மூன்று மாதம் பொறுக்க வேணுமாமே?

இல்லை. அந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் வந்த உறவினர் தன் அனுபவத்தை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். நிரந்தர வதிவிடம் பெற்று வந்தவர்கள் இறங்கிய கிழமையே சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்துக்குப் போய் ஓஹிப் எனப்படும் மாகாணக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கலாம். குடிவரவு நிலையைக் காட்டும் பத்திரம், ஒன்ராறியோவில் குடியிருப்பதற்கான சான்று, உங்களை அடையாளம் காட்டும் ஒன்று என மூன்று ஆவணங்களின் மூலப்பிரதிகளைக் கொண்டுபோங்கள்.

வேலை அனுமதியில் இருப்பவர்கள், ஒன்ராறியோவில் உள்ள ஒரு முதலாளியிடம் முழுநேரமாக, ஆறு மாதத்துக்குக் குறையாத வேலையில் இருந்தால் தகுதி பெறலாம். சர்வதேச மாணவர்களுக்கு, அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும், ஓஹிப் இல்லை. பல்கலைக்கழகமோ கல்லூரியோ தரும் காப்புறுதிதான். அந்த அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் பேர்ஸில் வையுங்கள்.

கார்ட் வந்துவிட்டால் எல்லாம் இலவசம்தானே?

வைத்தியரைப் பார்ப்பது, வைத்தியர் எழுதித்தரும் இரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை, வைத்தியசாலைச் சிகிச்சை, சத்திரசிகிச்சை ஆகியவற்றுக்குப் பணம் இல்லை. ஆனால் மருந்துக் கடையில் வாங்கும் குளிசை, பல், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை ஓஹிப் ஏற்காது. இங்கேதான் புதிதாக வந்த குடும்பங்கள் திகைத்துப் போகின்றன.

இதற்கும் வழிகள் உண்டு. 24 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு, தனியார் காப்புறுதி இல்லையென்றால், ஆயிரக்கணக்கான மருந்துகளை மாகாணமே தருகிறது. 65 வயதானவர்களுக்கும் மருந்துத் திட்டம் இருக்கிறது. அவர்கள் கட்டுவது சிறிய தொகை. இடைப்பட்ட வயதினர், வருமானத்தோடு ஒப்பிட்டால் மருந்துச் செலவு அதிகம் என்றால் ரில்லியம் என்ற திட்டத்துக்கு எழுதலாம். பல்லுக்கு 2024இல் தொடங்கிய கனடியப் பல் பராமரிப்புத் திட்டம் உண்டு. அதற்குக் குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழ் இருக்க வேண்டும், வேறு பல் காப்புறுதி இருக்கக்கூடாது, வரி அறிக்கை கொடுத்திருக்க வேண்டும். அதனால் வருமானமே இல்லாத வருடத்துக்கும் வரி அறிக்கை கொடுங்கள். "உழைக்கவில்லை, எதற்கு?" என்று விட்டவர்கள் பல் வலியோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

குடும்ப வைத்தியர் கிடைக்கவில்லை. யாரைக் கேட்டாலும் புது நோயாளியை எடுப்பதில்லை என்கிறார்கள். என்ன செய்வது?

ஹெல்த் கெயார் கனெக்ட் என்ற மாகாணப் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். கூடவே தெரிந்தவர்களிடமும் கேட்டுக்கொண்டே இருங்கள். தமிழ் வைத்தியர்கள் புது நோயாளிகளை எடுக்கும் செய்தி பெரும்பாலும் வாய்வழியாகத்தான் பரவுகிறது. அதுவரை, நேரம் குறிக்காமலே போகக்கூடிய வாக்-இன் கிளினிக் உண்டு. 811க்கு அழைத்தால் எந்த நேரமும் ஒரு தாதியுடன் பேசலாம், பணம் இல்லை.

வாக்-இன்னுக்குப் போகும்போது ஒரு கொப்பியில் உங்கள் வருத்தங்கள், குளிசைகளின் பெயர், அளவு, ஒவ்வாமை எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வைத்தியர் பார்ப்பதால் உங்கள் கதை அந்தக் கொப்பியில்தான் இருக்கும்.

அகதிக் கோரிக்கை வைத்திருக்கிறேன், முடிவு வரவில்லை. வைத்தியரிடம் போனால் கேஸ் பாதிக்குமா?

பாதிக்காது. ஒன்ராறியோவில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நோயாளியின் தகவலைக் காக்கிறது. உங்களுக்குச் சீனி வருத்தம் என்றோ, இரவில் நித்திரை இல்லை என்றோ வைத்தியர் குடிவரவு அலுவலகத்துக்கு எழுதப் போவதில்லை. சயரோகம் போன்ற சில தொற்றுகளைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அது சிகிச்சைக்காகவும் மற்றவர்களைக் காக்கவும். உண்மையில் சித்திரவதைத் தழும்பு, மன உளைச்சல் பற்றிய வைத்திய அறிக்கை கோரிக்கைக்கு உதவக்கூடும். உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

செலவுக்கு இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் இருக்கிறது. 2012இல் அன்றைய அரசு அதை வெட்டியது. வைத்தியர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வெட்டைக் கொடுமையானது என்று தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரலில் திட்டம் முழுமையாகத் திரும்பியது. வைத்தியர், வைத்தியசாலைச் செலவு இதில் அடங்கும். மருந்துக்கும் பல், கண் போன்ற மேலதிகச் சேவைகளுக்கும் 2026 மே முதல் நோயாளியும் ஒரு பங்கு கட்டவேண்டும் என்று அறிவித்தார்கள்: மருந்துச் சீட்டு ஒன்றுக்கு 4 டொலர், மற்றவற்றுக்கு 30 வீதம். எல்லாக் கிளினிக்கும் இந்தத் திட்டத்தை ஏற்பதில்லை. அதனால் நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இங்கிலீஷ் எனக்குச் சரிவராது. மகள் பத்தாம் வகுப்பு, அவளே சொல்லுவாள். போதாதா?

போதாது. என்னிடம் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான். மாதவிடாய் நிற்காமல் போவதை, கணவன் அடிப்பதை, சிறுநீர் அடக்க முடியாததை ஒரு தாய் பிள்ளையின் வாயால் சொல்ல மாட்டாள். புற்றுநோய் என்ற சொல்லைத் தாய்க்குச் சொல்லும் சுமையைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கவும் கூடாது. நேரம் குறிக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். பெரிய வைத்தியசாலைகளிலும் சமூக நலவாழ்வு மையங்களிலும் தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள். 811இலும் மொழி உதவி உண்டு. பெண் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்றும் கேட்கலாம்.

இன்னொன்று. நம் சொற்கள் வழுக்கும். மாடிப்படி ஏறினால் "களைக்குது" என்று ஊர்ப் பாட்டி சொல்வது மூச்சு வாங்குவதை. இங்கே பிறந்த பேரன் அதைச் சோர்வு என்று மொழிபெயர்த்தால், இதயம் பலவீனப்பட்டதன் அறிகுறியை வைத்தியர் வெறும் அலுப்பாக எடுத்துக்கொள்வார். "இழுப்பு" ஒருவருக்கு ஆஸ்துமா, இன்னொருவருக்கு வலிப்பு. சொல்லோடு நிறுத்தாமல் எங்கே, எப்போது, என்ன செய்தால் கூடுகிறது என்பதையும் சொல்லுங்கள்.

எமர்ஜென்சியில் ஆறு மணித்தியாலம் இருந்தோம். பின்னால் வந்தவரை முதலில் கூப்பிட்டார்கள். நாங்கள் புதுசு என்பதாலா?

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே வந்த ஒழுங்கில் கூப்பிடுவதில்லை. வாசலில் தாதி ஒவ்வொருவரையும் அவசரத்தின்படி ஐந்து படிகளில் ஒன்றில் வைக்கிறார். நெஞ்சு நோவும் பக்கவாதமும் மூச்சுத் திணறலும் முன்னே போகும். கணுக்கால் சுளுக்கு காத்திருக்கும். ஆகவே அந்தத் தாதியிடம் முதலில் சொல்லும் சில வசனங்கள்தான் முக்கியம். பெரிய வருத்தத்தை மரியாதைக்காகக் குறைத்துச் சொல்லாதீர்கள். இருக்கும்போது கூடினால் எழுந்து போய்த் திரும்பச் சொல்லுங்கள்.

911 அழைத்து அம்புலன்ஸில் போனால், ஓஹிப் உள்ளவருக்கு 45 டொலர் பில் வரும். அந்த 45க்குப் பயந்து நெஞ்சு நோவோடு தானே கார் ஓட்டிப் போகாதீர்கள்.

குடிவரவுப் பரிசோதனை எக்ஸ்-றேயில் நெஞ்சில் தழும்பு இருக்குதாம். எனக்குக் கசமா? திருப்பி அனுப்பிவிடுவார்களா?

தழும்பு என்றால் பெரும்பாலும், எப்போதோ உடம்புக்குள் வந்த சயரோகக் கிருமியை உடம்பு அடக்கி வைத்திருக்கிறது என்று பொருள். உறங்கும் தொற்று மற்றவருக்குப் பரவாது. அதற்காக விசாவை மறுப்பதில்லை. இறங்கிய பின் பொதுச் சுகாதாரப் பிரிவைத் தொடர்புகொள்ளச் சொல்லிக் கடிதம் தருவார்கள், வழக்கமாக 30 நாளுக்குள். அந்தக் கடிதத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

உறங்கும் கிருமி உள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் அது விழித்துக்கொள்ளும். சீனி வருத்தம் இருந்தால் அந்த ஆபத்து கூடும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, சிறுவயதில் போட்ட பிசிஜி என்ற சயரோகத் தடுப்பூசியாலும் வீங்கலாம்; இரத்தச் சோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. மருந்து தேவை என்றால் சயரோக மருந்து இங்கே இலவசம். நான்கு மாத ரிஃபாம்பின் குளிசை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சளாகும். இரத்தம் என்று பயந்து பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம், அது மருந்தின் நிறம்.

ஊரில் சீனி 180 என்றார்கள். இங்கே 10 என்கிறார்கள். குறைந்துவிட்டதா?

குறையவில்லை, இரண்டும் ஒன்றுதான். இலங்கையிலும் இந்தியாவிலும் மில்லிகிராம் கணக்கு, கனடாவில் மில்லிமோல் கணக்கு. இங்கத்தைய எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர் எண் வரும். வெறும் வயிற்றில் 7.0 என்றால் அது ஊரின் 126. அந்தக் கோட்டில்தான் சீனி வருத்தம் தொடங்குகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி மட்டும் இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஒரே எண், 6.5 வீதம் எல்லை. "பத்துத்தானே" என்று குளிசையை விட்டவர்கள் உண்டு. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தெற்காசியருக்கு மெலிந்த உடம்பிலும் சீனி வரும். உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறைச் சுட்டு (பிஎம்ஐ) 23ஐத் தாண்டினாலே கவனியுங்கள். இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது எச்சரிக்கைக் கோடு. ஊரில் சைக்கிள் மிதித்தவர் இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் நித்திரை, பனியில் வீட்டுக்குள் அடைப்பு என்று மாறிப்போகிறார். வரும்போது நல்ல சுகத்தோடு வருகிறோம், சில வருடங்களில் அது கரைந்துவிடுகிறது. பனிக்காலத்தில் மாலுக்குள் நடக்கலாம். காலையில் கூட்டமாக நடக்கும் நம்மவர்களைப் பார்த்திருப்பீர்கள். சீனி உள்ளவர்களுக்கு வருடாந்தக் கண் பரிசோதனையை எந்த வயதிலும் ஓஹிப் ஏற்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம். சீனிக் குளிசை எடுக்கலாமா?

விரதத்துக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். சாப்பிடாமல் இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுத்தால் சீனி ஆபத்தாக இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் விரதத்தை முறித்து உடனே இனிப்பாக ஏதாவது குடியுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

ஊரிலிருந்து மருந்து கொண்டுவரலாமா? சித்த மருந்து, லேகியம்?

உங்கள் பாவனைக்கு 90 நாளுக்கு மேற்படாத அளவை, மருந்துக் கடையின் சீட்டோடு, கையில் கொண்டுவரலாம். அது முடியும் முன் வைத்தியரைப் பிடிக்க வேண்டும்.

நாட்டு மருந்தை நான் பழிக்கவில்லை. என் அம்மாவும் வேதுபிடித்துத்தான் எங்களை வளர்த்தா. ஆனால் உலோகம் சேர்ந்த செந்தூரம், பற்பம் போன்றவற்றில் ஈயமும் பாதரசமும் அளவுக்கு மேல் இருக்கக்கூடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொடவே வேண்டாம். எதை எடுத்தாலும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

இரவில் நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்குது. டொக்டர் மனநல வைத்தியரிடம் போகச் சொல்கிறார். எனக்கென்ன விசரா?

இல்லை. ஷெல்லுக்குள் இருந்து வந்தவர், பிள்ளையைத் தொலைத்தவர், முகாமிலும் தடுப்பிலும் இருந்தவர் ஆகியோரின் உடம்பு ஆபத்து முடிந்த பிறகும் காவல் இருக்கிறது. கதவு பலமாகச் சாத்தினால் துடித்து எழும்புவது அதனால்தான். நம்மவர்கள் அதை "யோசனை", "தலை இடி", "நெஞ்சு எரியுது" என்று உடம்பின் பாஷையில் சொல்வார்கள். 2009ஐக் கடந்து வந்தவர்கள் மட்டுமல்ல, 1983இல் ஓடி வந்தவர்களிலும் இதை இன்றும் காண்கிறேன். மே மாதத்திலும் ஜூலையிலும் சிலருக்குக் கூடும்.

குடும்ப வைத்தியர் அனுப்பினால் மனநல வைத்தியருக்கான செலவை ஓஹிப் ஏற்கும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து, பகல் முழுக்க பேச ஆளில்லாமல் யன்னலோரம் இருக்கும் பெற்றோருக்கும் இப்படி மன உளைச்சல் வரும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் 988ஐ அழையுங்கள், எந்த நேரமும் ஆள் இருக்கும். அங்கே பேச்சு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான், ஆகவே மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு ஏதோ சோதனை என்று கடிதம் வந்தது. வருத்தம் ஒன்றுமில்லையே, போக வேணுமா?

போங்கள். வருத்தம் தெரியும் முன் பிடிப்பதற்குத்தான் அந்தச் சோதனை. 2025 மார்ச்சிலிருந்து ஒன்ராறியோவில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு, அதை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரசைத் தேடும் சோதனை வந்துவிட்டது. 25 வயதிலிருந்து, முடிவு சரியென்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்கு 40 வயதிலிருந்தே வைத்தியரின் கடிதம் இல்லாமல் நீங்களே நேரம் எடுக்கலாம். கூச்சம் இருந்தால் பெண் வைத்தியரைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

எனக்குச் சின்ன வயதில் அம்மாள் வருத்தம் (சிக்கன்பொக்ஸ்) வரவில்லை. இங்கே பிள்ளைகளுக்குத்தானே வரும்?

குளிர்நாடுகளில் பிள்ளைகள் சிறுவயதிலேயே அதைச் சந்தித்துவிடுவார்கள். வெப்ப நாடுகளில் பிந்தித்தான் வரும், அதனால் நம்மில் பலர் எதிர்ப்பில்லாமலே பெரியவர்களாகி இங்கே வருகிறோம். பெரியவர்களுக்கு அது கடுமையாக வரும், கர்ப்பிணிக்கு ஆபத்து. கர்ப்பமாகும் முன் இரத்தத்தில் எதிர்ப்பு உண்டா என்று பார்த்துத் தடுப்பூசி போடலாம். கர்ப்பமான பின் அந்த ஊசி போட முடியாது. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்து மறக்காமல் கொண்டுவாருங்கள். பள்ளிக்கூடத்துக்குச் சட்டப்படி பதிவு தேவை.

அம்மா சூப்பர் விசாவில் வந்திருக்கிறா. ஐந்து வருடம் இருக்கலாம் என்றால் ஓஹிப் கிடைக்கும்தானே?

கிடைக்காது. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் தரும் இந்தச் சூப்பர் விசாவில் ஒரே வரவில் ஐந்து வருடம் வரை நிற்கலாம், ஆனால் அவர் வருகையாளர்தான். அதனால்தான் குறைந்தது 100,000 டொலருக்கு, ஒரு வருடத்துக்குக் காப்புறுதி கேட்கிறார்கள். வருடம் முடிந்ததும் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

வாங்கும்போது விலையைவிட ஒரு வரியைத் தேடுங்கள்: முன்பே இருந்த வருத்தம் எத்தனை நாள் மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்பது. 90 நாள் என்றும் 180 நாள் என்றும் போட்டிருப்பார்கள். அந்தக் காலத்துக்குள் பிரஷர் குளிசையின் அளவை மாற்றியிருந்தால், பிறகு வரும் மாரடைப்புக்குப் பணம் தர மறுக்கலாம். படிவத்தில் மறைத்தால் முழுக் காப்புறுதியும் போய்விடும்.

அப்பாவை ஸ்பொன்சர் செய்கிறேன். சீனி இருப்பதைச் சொன்னால் மறுப்பார்களா?

கணவன், மனைவி, சார்ந்த பிள்ளைகள், அகதிகள் ஆகியோரைச் செலவைக் காரணம் காட்டி மறுப்பதில்லை. பெற்றோருக்கு அந்த விலக்கு இல்லை. ஆனால் மருத்துவச் செலவு எவ்வளவைத் தாண்டினால் மறுக்கலாம் என்ற வரம்பை 2018இல், கனடாவில் ஒருவருக்கு ஆகும் சராசரிச் செலவின் மூன்று மடங்காக உயர்த்திவிட்டார்கள். குளிசையில் அடங்கும் சீனியும் பிரஷரும் அதைத் தொடுவது அரிது. டயலிசிஸ் போன்றவை தாண்டக்கூடும். அப்போதும் பதில் சொல்ல அவகாசம் தருவார்கள், வழக்கறிஞரோடு பதில் எழுதுங்கள். மறைக்க மட்டும் வேண்டாம். பொய்த் தகவலுக்கு ஐந்து வருடத் தடை உண்டு.

விசா முடிந்துவிட்டது, கர்ப்பமாக இருக்கிறேன். யாரிடம் போவது?

பயந்து ஒளிந்திருக்க வேண்டாம். மருத்துவிச்சிகளின் சேவைக்கு ஒன்ராறியோவில் வாழும் எவருக்கும், ஓஹிப் இல்லாவிட்டாலும், பணம் இல்லை. சமூக நலவாழ்வு மையங்களும் கார்ட் கேட்காமல் பார்க்கும். வைத்தியசாலையில் பிரசவித்தால் பில் வரலாம். தவணையில் கட்ட முன்பே பேசுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் கார்ட் இல்லாதவர்களின் வைத்தியசாலைச் செலவை மாகாணமே ஏற்றது, 2023 மார்ச் முடிவில் அதை நிறுத்திவிட்டார்கள். அது தவறான முடிவு என்பது என் எண்ணம். இங்கே பிறக்கும் குழந்தை கனடியக் குடிமகவு, ஒன்ராறியோவில் வளரும் வரை அதற்கு ஓஹிப் உண்டு.

அப்பாவுக்கு ஸ்டீரொய்ட் குளிசை தரப் போகிறார்கள். ஊரில் தோட்டம் செய்தவர். அதைச் சொல்ல வேணுமா?

கட்டாயம் சொல்லுங்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களின் தோலுக்குள் புகும் ஸ்ட்ரோஞ்சிலாய்டிஸ் என்ற புழு குடலில் பத்து இருபது வருடம்கூட அடையாளம் காட்டாமல் இருக்கும். ஸ்டீரொய்ட் உடம்பின் எதிர்ப்பைக் குறைத்ததும் பெருகி உயிரையே எடுக்கலாம். ஒரு இரத்தச் சோதனையில் தெரியும், ஐவர்மெக்டின் குளிசையில் தீரும். கனடாவில் படித்த வைத்தியருக்கு இது உடனே நினைவுக்கு வராமல் போகலாம். "இலங்கையில் தோட்டம் செய்தவர், வெறுங்கால்" என்று நீங்கள் சொன்னால் வரும்.

மூன்று மாதம் ஊருக்குப் போய் வருகிறோம். கார்ட் நிற்குமா? என்ன கவனிக்க வேணும்?

எந்த 12 மாதத்திலும் 153 நாள் ஒன்ராறியோவில் இருந்தால் கார்ட் நிற்கும். வெளிநாட்டுச் செலவில் ஓஹிப் தருவது மிகச் சிறு பங்கு, ஆகவே பயணக் காப்புறுதி எடுங்கள்.

இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்தது. வழியில் இந்தியாவுக்கும் போனால் வைத்தியரிடம் மலேரியாத் தடுப்பு பற்றிக் கேளுங்கள். மாரி மழைக்கு யாழ்ப்பாணத்தில் டெங்கு வரும். திரும்பி வந்த பின் காய்ச்சல் என்றால் எங்கே, எந்தத் தேதியில் இருந்தீர்கள் என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். ஐபுபுரோஃபனும் அஸ்பிரினும் வேண்டாம், டெங்கு என்றால் இரத்தக் கசிவைக் கூட்டும். ஊரின் பனடோல்தான் இங்கே டைலனோல். அதைப் பெட்டியில் சொன்ன அளவுக்கு எடுத்துக்கொண்டு அன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள்.